ரெண்டு மொழியிலும் 'நானே'

திருநெல்வேலியில் இருந்து பெங்களூர் வந்த புதிதில் எனக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. கணவருக்கு ஷிப்ட் வேலை. பேச்சுத்துணைக்கு மகள் மட்டும்தான். அதனாலேயே அவளுக்கு எல்லாவற்றையும் நானே செய்தேன். மூன்று வயது முடிந்தும் டம்ளரை நான்தான் வாயருகே பிடித்தேன்.

ஜீவன் பீமா நகர் பக்கம் ஒரு மாண்டிசோரி பள்ளியில் சேர்த்தோம். பிள்ளைகள் தங்கள் வேலையைத் தாங்களே செய்யப் பழக்குகிற முறை அது. முதல் வாரமே அங்கிருந்த ஆண்ட்டி என்னை உட்காரவைத்து, ஸ்வெட்டர் போடுவது எப்படி என்று காட்டினார். எனக்கில்லை, என் மகளுக்கு. முன்பக்கம் திறக்கிற ஸ்வெட்டரை, உள்பக்கம் மேலே தெரிய, காலர் குழந்தையின் காலைத் தொடும்படி தரையில் விரிக்க வேண்டும். குனிந்து ரெண்டு கையையும் நுழைத்து, அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால் முதுகில் வந்து உட்கார்ந்துவிடும். நாலாம் நாள் அவளே போட்டுக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒரு ஜக்கிலிருந்து இன்னொன்றில் ஊற்றப் பழகுவதும் அப்படித்தான். முதலில் ராஜ்மா, பிறகு அரிசி, கை பழகிய பிறகே தண்ணீர். பக்கத்தில் ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும். சிந்தினால் துடைப்பதும் அந்த வேலையில் சேர்த்தி. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார் என்று ஆண்ட்டிதான் சொன்னார். நம்ம ஊர்க் கதையை இங்கே வந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் அடுப்படியின் கீழ்த்தட்டை அவளுக்கு ஒதுக்கினேன். தட்டு, டம்ளர், ஒரு சின்னச் செம்பு. காலையில் அரைமணி முன்னதாக எழுப்பினேன். ஏனென்றால் ஒரு பட்டன் போட அவளுக்கு அவ்வளவு நேரமாகும். பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதுதான் பெரிய பாடு. கை தானாக நீளும். துப்பட்டாவுக்குள் சுற்றி வைத்துக்கொள்வேன்.

மார்கழியில் அத்தை ஊரிலிருந்து வந்தார்கள். "பச்சப்பிள்ளயப் போயி வேலை வாங்குதியே" என்று வருத்தப்பட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்று ராத்திரி அவர்கள் சோறு கொடுத்த விதத்தைக் கவனித்தேன். ஊட்டவில்லை. உருட்டி உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தார்கள், அவளே வாயில் போட்டுக்கொண்டாள். அத்தை பிள்ளை வளர்த்ததும் இந்த வழியில்தானே!

அப்போது இங்கே அவரேகாய் சீசன், நம்ம மொச்சைதான். அல்சூர் சந்தையில் குவித்து வைத்திருப்பார்கள். உரித்த கொட்டையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் தோலைப் பிதுக்கி எடுக்க வேண்டும். பிதுக்குப் பருப்பு என்பார்கள். அத்தையும் பேத்தியும் தரையில் உட்கார்ந்தார்கள். "நுனியப் பிடிச்சு அமுக்குளா" என்று அத்தை ஒருமுறைதான் காட்டினார்கள். முதல் பருப்பு பறந்துபோய் ஃபிரிட்ஜில் அடித்தது. நாலைந்துக்குப் பிறகு கிண்ணத்தில் விழ ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு கன்னட அக்கா கதவருகே நின்று பார்த்தார். அதுவரை எங்களுக்குள் சிரிப்போடு சரி. உள்ளே வந்து, மகள் கையிலிருந்த கொட்டையை வாங்கிப் பிதுக்கித் தரப் போனார்.

"நானே!" என்றாள் இவள்.

கன்னடத்திலும் அது 'நானே'தான். அக்கா சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, தனக்கென்று ஒரு கை அள்ளிக்கொண்டார்.