ப்ரவுசருக்குள் ஒரு மினிமோக்

மினிமோக் மாடல் டி என்ற சின்தசைசர், அதாவது மின்சுற்றுகளால் சத்தத்தை உண்டாக்கும் கட்டை வாத்தியம், வந்தது 1970-இல். அலையை உண்டாக்கும் மூன்று ஆசிலேட்டர், அதன் மேல் அதிர்வெண்களைக் குறைக்கும் ஒரு ஃபில்டர், 44 கட்டை, ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம். ப்ரவுசரில் அனலாக் சின்த் எழுத நினைப்பவர்கள் பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். 2012-இல் மோக் நிறுவனத்தைத் தொடங்கிய பாப் மோக்கின் பிறந்தநாளுக்கு கூகுள் டூடுலாகவே இந்த மாதிரி ஒன்று வந்தது. நானும் அதையே எடுத்துக்கொண்டேன். இப்போது உட்கார்ந்து வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

ஆசிலேட்டரில் பெரிய வேலை இல்லை. ப்ரவுசரிலேயே இருக்கும் ஒலி வசதியான வெப் ஆடியோவில் உள்ள ஆசிலேட்டர் நோடு (ஒலிச் சங்கிலியில் ஒரு கண்ணி) அலையாஸிங், அதாவது டிஜிட்டலில் புகும் பொய் அதிர்வெண்கள், வராதபடி தானே பார்த்துக்கொள்கிறது. மாடல் டி-யில் பல்ஸ் அலையின் அகலம் ஓடும்போது மாறாது, ஸ்விட்ச் வைத்த இடத்தில் நிற்கும். அதனால் அலைக்குள் இருக்கும் ஹார்மோனிக்குகளின் (மடங்கு அதிர்வெண்களின்) அளவுகளைக் கணக்குப் போட்டு, வெப் ஆடியோவின் பீரியாடிக் வேவில் கொடுத்தால் முடிந்தது. மூன்று ஆசிலேட்டரின் சுருதியையும் இரண்டு சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) அளவுக்கு மெதுவாக அலைய விட்டிருக்கிறேன். அதற்கு மேல் போனால் சுருதி சேராத ஆர்மோனியம்தான்.

நேரத்தை விழுங்கியது ஃபில்டர். ப்ரவுசர் தரும் பைக்வாட் ஃபில்டர் ஆக்டேவுக்கு 12 டெசிபல் குறைக்கும், லேடர் எனப்படும் மோக்கின் ஃபில்டர் 24. இரண்டு பைக்வாடை வரிசையாக வைத்தால் 24 வரும், ஆனால் ரெசனன்ஸ் (கட்-ஆஃப் பக்கத்துச் சத்தத்தைத் தூக்கும் அமைப்பு) ஏற்றும்போது அந்தக் குணம் வராது. லேடரில் நான்கு படிகள். ஃபில்டர் குறைக்கத் தொடங்கும் இடமான கட்-ஆஃப் அதிர்வெண்ணில் ஒவ்வொரு படியும் அலையின் ஃபேஸை (சுழற்சியில் அது நிற்கும் இடத்தை) 45 டிகிரி பின்னுக்குத் தள்ளி, அளவை 0.707 மடங்காக்கும். நான்கும் சேர்ந்தால் 180 டிகிரி, கால் பங்கு அளவு. வெளியே வருவதைத் தலைகீழாக்கி நான்கு மடங்காக உள்ளே திருப்பிவிட்டால் ஃபில்டர் தானாகவே பாட ஆரம்பிக்கும். அதே நேரத்தில் அடித்தளச் சத்தம் ஐந்தில் ஒரு பங்காக, ஏறக்குறைய 14 டெசிபல், இறங்கிவிடும். ரெசனன்ஸ் ஏற்றினால் பேஸ் மெலிவது இதனால்தான். சிலர் அதை ஈடுகட்டி எழுதுகிறார்கள். நான் செய்யவில்லை. மெலிந்தால்தான் மோக்.

இதை ஆடியோ வொர்க்லெட்டில், அதாவது ஒலியை நாமே கணக்கிட வெப் ஆடியோ தரும் இடத்தில், எழுதினேன். சும்மா எழுதினால் திரும்பி வரும் சிக்னல் ஒரு சாம்பிள் (டிஜிட்டல் ஒலியின் ஒரு புள்ளி) தாமதமாகிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற வேகத்தில், 4,000 ஹெர்ட்ஸ் இடத்தில் அந்த ஒரு சாம்பிளே 30 டிகிரி. அதனால் மேலே போகப் போக ஃபில்டரின் சுருதி இறங்கும். ஃபில்டரை மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் 15 டிகிரியாகக் குறைகிறது, மிச்சத்தைக் கட்-ஆஃப் கணக்கில் சரிக்கட்டலாம். ஒவ்வொரு படியிலும் சிக்னலை மெல்ல அடக்கும் டான்ஹெச் (tanh) வளைவுக்கு x(27+x²)/(27+9x²) போதும். உள்ளே வருவதை ±3-க்குள் நிறுத்தினால் விடை சரியாக ±1-இல் முட்டி நிற்கும்.

அப்புறம் கட்டைகள். இவ்வளவு ஃபில்டர் வேலைக்குப் பிறகும், 'ஆமாம், இது அதுதான்' என்று எனக்குத் தோன்றியது கட்டைகளுக்காக எழுதிய இருபது முப்பது வரியில்தான். மினிமோக்கில் இரண்டு கட்டையை அழுத்தினால் கீழ் ஸ்வரத்துக்கே முதல் மரியாதை. கீழ்க் கட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே தட்டினால் ஒன்றும் நடக்காது. மேலே பிடித்துக்கொண்டு கீழே தட்டினால் இரண்டு ஸ்வரமும் மாறி மாறிப் படபடவென்று ட்ரில் வரும். விரலை எடுக்காமல் வாசித்தால் என்வலப் (ஸ்வரம் எழுந்து அடங்கும் வடிவம்) மறுபடி தொடங்காது. கட்டையை விட்டபின் சத்தம் அடங்கும் நேரமான ரிலீஸுக்குத் தனிக் குமிழும் இல்லை. டிகே (தொடக்க உச்சத்திலிருந்து இறங்குவது) ஸ்விட்சைப் போட்டால் டிகே நேரமே ரிலீஸ், போடாவிட்டால் சட்டென்று நிற்கும். இந்த மூன்றும் சேர்ந்து விரலையே வேறு மாதிரி பழக்குகின்றன. ஃபில்டர் சுமாராக இருந்தாலும் கேட்பவர் மன்னித்துவிடுவார், கட்டைகள் தப்பாக நடந்துகொண்டால் வாசிப்பவரால் முடியாது.

கணினி விசைப்பலகையில் வாசிப்பதற்குச் சில குறிப்புகள். விசையை எழுத்தை வைத்து அடையாளம் காணாமல், விசையின் இடத்தைச் சொல்லும் 'code' பண்பை வைத்துக் காணுங்கள். தமிழ்99 போட்டிருந்தால் ஆங்கில A விசை 'அ' என்று வந்து நிற்கும், 'code' மாறாது. பிடித்து வைத்த விசை திரும்பத் திரும்ப அனுப்பும் நிகழ்வை ஒதுக்கிவிடுங்கள். வேறு ஜன்னலுக்குப் போனால் எல்லா ஸ்வரத்தையும் விட்டுவிடச் செய்யுங்கள், இல்லாவிட்டால் கடைசி ஸ்வரம் ஓலமிட்டுக்கொண்டே இருக்கும். முதல் க்ளிக் வரும்வரை ப்ரவுசர் சத்தம் போட விடாது, எனவே 'பவர்' ஸ்விட்ச் ஒன்று வைப்பது நல்லது. பார்க்கவும் பொருத்தமாக இருக்கிறது.

பாக்கி இருப்பது, மினிமோக்கின் வெளியீட்டை, வெளிச் சத்தத்துக்கான அதன் எக்ஸ்டர்னல் இன்புட்டில் திருப்பிக் கொடுத்துச் சத்தத்தைத் தடிக்க வைக்கும் பழைய வித்தை. நோடுகளை வளையமாகக் கோத்தால் நடுவில் தாமதப்படுத்தும் டிலே நோடு வேண்டும், அதன் குறைந்தபட்சத் தாமதம் 128 சாம்பிள். 48,000 ஹெர்ட்ஸில் அது 2.67 மில்லிசெகண்ட். தகரக் குழாய்க்குள் பேசியதுபோல ஆகிவிடுகிறது. மிக்ஸரையும் வால்யூமையும் வொர்க்லெட்டுக்குள்ளேயே கொண்டுபோய், வளையத்தை ஒரு சாம்பிளில் முடிக்கும்படி இப்போது மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.