ஐயாவின் நாற்காலிக்கு ஒரு ஜோடி

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் ஒற்றை நாற்காலி ஒன்று இருக்கிறது. கை வைத்தது, கடைசல் கால், பிரம்பு பின்னிய இருக்கை. ஐயா, அதாவது என் தாத்தா, ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்தில், அங்கிருந்து கப்பலில் வந்த தேக்கில் வீட்டு வேலை நடந்தபோது, அதே ஆசாரிகள் முகப்பில் உட்கார்ந்து செய்தது என்று அப்பத்தா சொல்வார்கள். 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிப்பதற்கு முன்பே ஐயா ஊர் வந்து சேர்ந்துவிட்டார். கடை அங்கேயே போய்விட்டது. அதன்பிறகு சாகும்வரை அவர் பேப்பர் படித்தது இந்த நாற்காலியில்தான்.

செய்தபோது அது ஜோடி. வீடு நான்கு பங்கானபோது ஒன்று எந்தப் பக்கம் போனதென்று யாருக்கும் தெரியவில்லை. பங்காளிகள் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தாயிற்று.

போன தை மாதம் என் வீட்டுக்காரருக்குச் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். ஹோமமும் கலச நீரும் மணையில் உட்கார்ந்துதான். ஆனால் அதெல்லாம் முடிந்து, வருகிறவர்களைப் பார்க்க முகப்பில் நாங்கள் இருவரும் உட்கார வேண்டும். ஐயாவின் நாற்காலியில் அவர், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான் என்று நினைத்துப் பார்க்கவே மனசு ஒப்பவில்லை. தொலைந்துபோன ஜோடியைத் திரும்பச் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அதற்குப் பத்து மாதம் ஆனது. இதே மாதிரி பழைய சாமான் ஒன்றுக்கு ஜோடி செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கடையில் கொடுத்து ஏமாந்தேன். நாற்காலியை நான்கு பக்கமும் போட்டோ எடுத்தார்கள், டேப்பை வைத்து உயரம், அகலம், ஆழம் மூன்றையும் குறித்துக்கொண்டார்கள். ஆறு வாரத்தில் நாற்காலி வந்துவிட்டது, 14,000 ரூபாய். முன்னால் நின்று பார்த்தால் அச்சு அசல். உட்கார்ந்தால் முதுகை முன்னால் தள்ளியது. ஐயாவின் நாற்காலியில் பின்கால் இருக்கைக்கு மேலே பின்பக்கமாகவும், இருக்கைக்குக் கீழேயும் பின்பக்கமாகவும் வளைந்து போகும். அந்த வளைவுதான் முதுகைத் தாங்குகிறது. போட்டோவில் அது பாதிதான் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் மாதம் அதே பின்காலில் வளைவுக்குச் சற்று மேலே வெடிப்பு விட்டது. மரத்தின் நார் ஓட்டமான ரேகை ஒரு பக்கம் ஓட, காலை அதற்குக் குறுக்காக அறுத்திருக்கிறார்கள். ரேகை குறுக்கே வெட்டுப்பட்ட இடத்தில் மரத்துக்குப் பலம் ஏது? பாலிஷ் பளபளப்பில் எனக்கு அது தெரியவில்லை. கடைக்காரர்கள் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை.

அப்புறம்தான் கோட்டையூரில் ஒரு வீட்டில் பழைய நிலைக்கதவைச் சரிசெய்துகொண்டிருந்த ஆசாரியாரைப் பற்றிக் கேள்விப்பட்டு வரச் சொன்னேன். அறுபதைத் தாண்டியவர். வந்தவர் டேப்பை எடுக்கவே இல்லை. துண்டை விரித்து நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தார்.

"ஆச்சி, இதைப் பிரிக்கணும். பிரிச்சுப் பாக்காம இதுக்கு ஜோடி செய்ய முடியாது."

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. "திரும்பப் பூட்ட முடியுமா அண்ணே?" என்று கேட்டேன். "செஞ்சவன் பிரிக்கிற மாதிரிதான் செஞ்சிருக்கான்" என்றார். அன்று இரவெல்லாம் யோசித்து, மறுநாள் சரி என்று சொன்னேன். இந்தக் காரியத்தில் நான் எடுத்த நல்ல முடிவு அது ஒன்றுதான் என்று சொல்லலாம், மற்றதெல்லாம் அவர் எடுத்தது.

பழைய வேலையில் ஒட்டுவதற்கு வச்சிரம் போட்டிருப்பார்கள். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகும். வெந்நீரில் நனைத்த துணியைச் சட்டங்கள் சேரும் ஒவ்வொரு பூட்டிலும் சுற்றிச் சுற்றி வைத்தார். பூட்டின் குறுக்கே அடித்திருந்த மூங்கில் ஆணிகளை மெல்லத் துளைத்து எடுத்தார். ஒன்றரை நாளில் நாற்காலி ஒரு பாயின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. ஓர் இரும்பு ஆணி கிடையாது. ஒவ்வொரு கழுந்திலும் (சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) அது போய் உட்காரும் பொளியின் (குழி) ஓரத்திலும் உளியால் வெட்டிய கோடுகள் இருந்தன. ஒரு கோடு உள்ள கழுந்து ஒரு கோடு உள்ள பொளிக்கு, இரண்டு கோடு இரண்டுக்கு. எந்தத் துண்டு எங்கே போகவேண்டும் என்று அந்த ஆசாரி போட்ட அடையாளம். எண்பது வருஷத்துக்கும் மேலாக யார் கண்ணிலும் படாமல் உள்ளே இருந்திருக்கிறது. என் ஐயாவுக்கே தெரிந்திருக்காது.

அளவு எடுத்ததும் அங்குலத்திலும் நூலிலும்தான். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். இருக்கையின் முன்சட்டம் 20 அங்குலம் 2 நூல், பின்சட்டம் 17 அங்குலம். முன்பக்கம் அகன்று பின்பக்கம் குறுகுவதால் பக்கச் சட்டங்கள் சாய்வாகப் போகின்றன. ஆகவே அவற்றின் கழுந்து நேராக இருக்க முடியாது, அதையும் சாய்த்துதான் வெட்ட வேண்டும். பின்காலோ இருக்கைக்கு மேலும் கீழும் வளைகிறது. நாற்காலி வேலையில் கை தேர்வது கடினம் என்பதற்கு இதுதான் காரணமாம். மேஜையிலும் பீரோவிலும் எல்லாம் மூலைமட்டத்துக்கு அடங்கும், நாற்காலியில் ஒரு மூலைகூடச் சரியான செங்கோணம் இல்லை என்றார். பின்காலைப் பிளைவுட்டில் வரைந்து அச்சு வெட்டிக்கொண்டு, பழையதை முதலில் பூட்டி, என்னை உட்காரவைத்துக் காட்டிவிட்டுத்தான் மர வேலைக்குப் போனார்.

காரைக்குடியில் பழைய சாமான் என்றால் முனீஸ்வரன் கோவில் தெருதான். அங்கே கடை கடையாக ஏறி இறங்கினோம். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக்கட்டையாகத் தேக்கை வெளிநாட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதனால் 'புது பர்மா தேக்கு' என்று யாராவது சொன்னால் அது எங்கிருந்து எப்படி வந்தது என்று கேளுங்கள். ஐயா காலத்து மரம் வேண்டுமென்றால் அது ஏற்கெனவே ஏதோ ஒரு வீட்டில் தூணாகவோ உத்தரமாகவோ நிலையாகவோ நின்ற மரமாகத்தான் இருக்கும்.

ஆசாரியார் மரம் பார்த்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தூக்கிப் பார்ப்பார், முனையில் உளியால் ஒரு சீவு சீவி முகர்ந்து பார்ப்பார், பிறகு ரேகையைப் பார்ப்பார். ஓரத்தில் வெளிறிய 'வெள்ளை' இருந்தால் தள்ளிவிடுவார். பூச்சி முதலில் பிடிப்பது வெள்ளையைத்தான். வைரம் பாய்ந்த நடுமரம்தான் வேண்டும். கடைசியில் கிடைத்தது ஓர் உத்தரத் துண்டு. நாலடி நீளம், ஆறுக்கு ஆறு அங்குலம், சரியாக ஒரு கன அடி. கைகளுக்காக இன்னொரு கன அடிக்கு நிலைச்சட்டத் துண்டுகள். இரண்டும் சேர்த்து 7,000 ரூபாய்.

எந்த வீட்டு உத்தரம் என்று கேட்டேன். தேவகோட்டைப் பக்கம் இடித்த ஒரு வீடு என்றார் கடைக்காரர். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டைப் போல ஒரு வீடுதான் அது. அங்கேயும் பங்காளிகள் இருந்திருப்பார்கள், பேச்சு ஒத்துப்போகாமல் பூட்டிக் கிடந்திருக்கும், மழை இறங்கியிருக்கும். நான் வாங்காவிட்டால் அது ஏதாவது ஹோட்டல் வரவேற்பறைக்குப் போகும். அதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் என்பதும் தெரியும். இடிபடுகிற வீட்டிலிருந்துதான் எங்கள் வீட்டுக்கு நாற்காலி வந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

மர அறுவை மில்லில் பழைய மரம் என்றதும் கைவிரித்தார்கள். உள்ளே ஆணி முறிந்து கிடந்தால் ரம்பம் போய்விடும். காந்தத்தை வைத்துத் தடவித் தடவி, பதினோரு ஆணியைத் தோண்டி எடுத்துக் கொடுத்த பிறகுதான் அறுத்தார்கள். இரண்டு பின்கால்களையும் ஒரே பலகையில், ஒன்றின் வளைவுக்குள் மற்றொன்று படிகிற மாதிரி வரைந்து அறுக்கவைத்தார். மரமும் மிச்சம், இரண்டு காலுக்கும் ஒரே ரேகை. ரேகை வளைவோடு கூடவே ஓடும் இடமாகத் தேடித்தான் அச்சை வைத்தார். என் வெடித்த நாற்காலியில் தவறியது இந்த இடம்தான்.

அறுத்த சட்டங்களை இரண்டு வாரம் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், இடைவெளி விட்டு அடுக்கிவைத்தார். அத்தனை வருஷம் காய்ந்த மரம்தானே, எதற்கு என்று கேட்டேன். உத்தரமாகப் பாரம் தாங்கிய மரத்தை உடைத்தால் உள்ளே இருக்கிற இறுக்கம் விடுபட்டு முறுக்கும், முறுக்குகிறது முறுக்கி முடிக்கட்டும் என்றார். ஒரு சட்டம் நிஜமாகவே இரண்டு நூல் முறுக்கியது. அதை ஒதுக்கிவிட்டார்.

முன்கால்கள் இரண்டும் கடைசல் பட்டறையில் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. நாற்காலிக் கையின் முனையில் வருகிற சுருளுக்கு மூன்று நாள், முழுக்க உளியில். ஒட்டுவதற்கு வச்சிரமே வேண்டும் என்று நான்தான் கேட்டேன், நாளைக்கு யாராவது பிரிக்க வேண்டியிருந்தால் பிரிக்க வேண்டுமே. "காய்ச்சினா நாறும், பரவால்லையா ஆச்சி?" என்றார். நாறத்தான் செய்தது, வீடு முழுக்க இரண்டு நாள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, பசை பிடிக்காது. அதனால் ஒவ்வொரு கழுந்தையும் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத்தான் பசை தடவினார். குறுக்கே மூங்கில் ஆணி. பூட்டுவதற்கு முன்னால் பழைய ஆசாரியின் கோடுகளைப் பார்த்து அதே இடங்களில் அதே மாதிரி உளியால் கோடு போட்டார். நான் சொல்லவில்லை.

பாலிஷில் அவசரப்பட்டது என் தவறு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் தொட்டுத் தொட்டுத் தேய்க்கிற பாலிஷ் அது. ஒரு பூச்சு காய்ந்து, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, அடுத்த பூச்சு என்று போகும். ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டது. மழை நிற்கட்டும் என்றார், நான்தான் நாள் போகிறதே என்று நெருக்கினேன். காற்றில் ஈரம் இருந்தால் அரக்குப் பூச்சு வெள்ளை பூத்துவிடும். இரண்டாம் பூச்சில் நாற்காலி முழுக்கப் பால் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. ஸ்பிரிட்டால் எல்லாவற்றையும் துடைத்து எடுத்து, கார்த்திகைக் கடைசியில் வெயில் வந்த பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார். நல்லதாகப் போயிற்று, அந்த இடைவெளியில் நாற்காலி வளவு வெளிச்சத்தில் கிடந்தது. இழைத்த புதிதில் கொஞ்சம் பச்சையோடிய பழுப்பாக இருந்த தேக்கு, வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. சாயம் எதுவும் போடவில்லை.

பிரம்பு பின்னியவர் கண் தெரியாத ஒரு பெரியவர். சின்ன வயதில் பள்ளியில் கற்றுக்கொண்ட தொழில், ஆபீஸ் நாற்காலிகளாகப் பின்னித்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தேன் என்றார். இருக்கைச் சட்டத்தைச் சுற்றித் துளைகள். நனைத்த பிரம்பை நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவிட்டத்தில் இரண்டு என்று ஆறு ஓட்டம். ஒவ்வொரு துளையையும் கட்டைவிரல் நகத்தால் தொட்டு எண்ணிக்கொண்டே போனார், ஓரிடத்திலும் தப்பவில்லை. ஈரத்தில் தளர்வாகத் தெரிந்த பின்னல், மறுநாள் காய்ந்து இழுத்துக்கொண்டு, தட்டினால் மேளம் மாதிரி சத்தம் கொடுத்தது.

ஆசாரியாருக்கு 16 நாள் கூலி, நாளுக்கு 1,200. கடைசல், பாலிஷ், பிரம்பு எல்லாம் 7,700. மரத்தையும் சேர்த்தால் 33,900 ரூபாய். கடை நாற்காலி விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒன்று சொல்கிறேன், கூலியை மொத்தமாகப் பேசாதீர்கள். நாள் கூலி என்றிருந்ததால்தான் அவர் முறுக்கிய சட்டத்தைத் தூக்கிப் போட முடிந்தது, காத்திருக்கவும் முடிந்தது.

சாந்தி அன்று இரண்டு நாற்காலிகளும் முகப்பில் இருந்தன. புதியதில் அவர் உட்கார்ந்தார், ஐயாவினுடையதில் நான். எது பழையது என்று இரண்டு பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அதில் ஒருவர் வாசலோடு நின்றிருந்த ஆசாரியார். உள்ளே வந்து உட்காருங்கள் அண்ணே என்று நான் எழுந்து கொடுத்தபோது வேண்டாம் என்றவர், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு புதியதில் போய் உட்கார்ந்து, கையின் சுருளைத் தடவிக்கொண்டு இருந்தார்.

ஐயாவின் நாற்காலியில் பிரம்பு இப்போது நடுவில் தொங்க ஆரம்பித்திருக்கிறது. பங்குனியில் வருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.