இமாட்டினிப்: மாத்திரையும் ஊதா மூடிக் குழாயும்

இமாட்டினிப் மாத்திரை பற்றி மருத்துவர் பிரையன் ட்ரக்கர் குழுவின் ஆய்வு 2001-இல் வெளியானது. அதன் பிறகுதான் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் மாத்திரையில் அடங்கும் நோயானது. 9, 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டுவதால் பிறந்து, இந்தப் புற்றுநோயைத் தூண்டும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) புரதத்தை இமாட்டினிப் முடக்குகிறது. (மரபணுத் துணுக்கைப் பெருக்கி அளக்கும் பரிசோதனையான பிசிஆர் (PCR) வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவது நம் தலையெழுத்து.)

வழக்கமான அளவு தினமும் 400 மில்லிகிராம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். இட்லியோ பணியாரமோ சாப்பிடும்போதே பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கணும்.

மாத்திரை வேலை செய்கிறதா என்று பிசிஆர் பரிசோதனையில் பார்க்க, காரைக்குடியில் ரத்தம் எடுத்து மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்புகிறீர்களா? ஊதா மூடிக் குழாய்தான் வேண்டும். பச்சை மூடிக் குழாயில் உள்ள ஹெப்பாரின் பிசிஆர் வினையைக் கெடுத்துவிடும். எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்காதீர்கள், ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். சனிக்கிழமை எடுத்த ரத்தம் ஞாயிறு முழுக்கக் கூரியர் கடையில் வெந்தால், பரிசோதனையில் அளக்க வேண்டிய ஆர்என்ஏ (மரபணுவின் நகல்) சிதைந்துவிடும். அப்புறம் வரும் 'நெகட்டிவ்'வை நம்பவே முடியாது.

பரிசோதனையில் வரும் பிசிஆர்-ஏபிஎல் சதவீதத்துக்கு வரம்பு உண்டு: மாத்திரை தொடங்கிய 3-ஆம் மாதம் 10 சதவீதம், 6-இல் 1, 12-இல் 0.1. இதற்கு மேல் போகக் கூடாது. போனால், மாத்திரை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க முதலில் டப்பாவில் மிச்சமிருப்பதை எண்ணுங்கள். மருந்துக்கு மசியாதபடி மரபணு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அப்புறம்.