மஞ்சப்பையும் பிங்க் புத்தகமும்

"அது வேற ஆஸ்பத்திரி, க்கா. அந்த ரெக்கார்டு இங்க வராது." மலேசியாவில், ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் கவுன்டரில் அந்தப் பெண் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. போன வருஷம் டெங்கு வந்து நான் படுத்திருந்த இடம் அங்கிருந்து நடக்கிற தூரம். எனக்கு சல்ஃபா மாத்திரை ஒத்துக்காது என்று அங்கே எழுதிவைத்தது சாலையைத் தாண்டி வரமாட்டேன் என்கிறது.

சரி, போய்க் கேட்போம் என்று அங்கே போனால், என்னையே காணோம். நடுவில் பாஸ்போர்ட் புதுப்பித்தேன், எண் மாறிவிட்டது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஐசி என்கிற அடையாள அட்டை இருக்கிறது, பன்னிரண்டு இலக்கம், சாகும்வரை அதே எண். எங்களைப் போல் கல்யாணமாகி வந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்தான். பழைய எண்ணைச் சொன்னதும் நான் உயிரோடு வந்தேன். ஆனால் ரிப்போர்ட் கையில் வர ஃபாரம் எழுதி, காசு கட்டி, சில வாரம் காத்திருக்க வேண்டுமாம்.

தஞ்சாவூரில் இந்தப் பேச்சே கிடையாது. ஓபி சீட்டிலிருந்து எக்ஸ்ரே வரை எல்லாம் நம்மிடம்தான். அப்பாவின் மஞ்சப்பையில் பழைய ஈசிஜி, கண் டாக்டர் சீட்டு, எப்போதோ எடுத்த முழங்கால் படம் எல்லாம் கிடக்கும். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் எந்த டாக்டரிடம் போனாலும் பையை மேஜையில் கொட்டுவார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யார் இதை எழுதினது?" என்று முந்தைய டாக்டரைத் திட்டுவதில்தான் வைத்தியமே தொடங்கும். உடல்நலப் பதிவுகளைக் கணினியில் இணைக்க இந்தியாவில் 2021-ல் தொடங்கிய திட்டத்தில் அப்பாவுக்கும் பதினான்கு இலக்க ஆபா எண் வந்துவிட்டது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அதையும் பைக்குள் போட்டிருக்கிறார்.

மலேசியா இதை யோசிக்காமல் இல்லை. ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுவதற்குமான ஒரே உடல்நலப் பதிவு என்று 1997-லேயே திட்டம் எழுதினார்கள். 1999-ல் திறந்த செலாயாங் மருத்துவமனை அப்போதே காகிதம் இல்லாத மருத்துவமனை. 2023-ல் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையிலும் இந்தப் பேச்சு இருக்கிறது. ஆனால் இன்னும் அரசு ஒரு பக்கம், தனியார் ஒரு பக்கம், ஆளுக்கொரு சாஃப்ட்வேர். என் சல்ஃபா நடுவில் நிற்கிறது.

நாங்கள் இருக்கும் சுங்கை சிப்புட் டவுனில் கம்ப்யூட்டரைவிட வேகமாகத் தகவல் போகும் என்பது வேறு விஷயம். யாருக்குச் சுகர் எவ்வளவு என்பது காலைப் பசியாறும் நேரத்துக்குள் கோயில் தெருவுக்கே தெரியும். அத்தை தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அங்கே டிரசர் ஒருவர், தோட்டத்து மருத்துவ உதவியாளர், இருந்தாராம். எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்காது என்பது அவருக்கு மனப்பாடம். தோட்டம் செம்பனைக்கு மாறி, சனம் டவுனுக்கு வந்தபோது டிரசர் எங்கே போனார் என்று கேட்டேன். "அவரும்தான் போயிட்டாரு" என்றார்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்போது நான் மாசமாக இருக்கிறேன். அரசு கிளினிக்கில் ஒரு பிங்க் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். எடை, பிரஷர், சிறுநீர், ஹீமோகுளோபின், வயிற்றின் அளவு எல்லாம் அதில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், கையால் எழுதுகிறார். எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று அட்டையில் ஒட்டு உண்டு. அதை எந்த ஆஸ்பத்திரியில் நீட்டினாலும் மறுபேச்சில்லாமல் பிரித்துப் படிக்கிறார்கள். முதல் பக்கத்திலேயே 'சல்ஃபா' என்று சிவப்பு மையில் இருக்கிறது. எனக்கு ஒட்டியது மஞ்சள். "மஞ்சள்னா மங்களம்தானே" என்றார் அம்மா போனில். டாக்டர் பார்த்தே ஆகவேண்டும் என்று அர்த்தம் என நான் சொல்லவில்லை.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. சம்பல் இல்லாமல் நாசி லெமாக் இறங்குவதில்லை, பேச்சில் 'லா' கூட வருகிறது. ஆனால் ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் கை தானாகப் பையைத் தேடுகிறது. அப்பா என்றால் இதற்குள் படத்தை உறையிலிருந்து எடுத்து, தலைகீழாகப் பிடித்து, பேரன் என்று சொல்லியிருப்பார்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அவர் அதைப் பிரின்ட் போட்டு எங்கள் குடும்ப டாக்டரிடம் கொண்டுபோகிறார். நேற்று அங்கிருந்து பதில் வந்தது: "பிரஷர் எழுதின பக்கம் மங்கலா இருக்காம். வெளிச்சத்துல வச்சு மறுபடி எடுத்து அனுப்பு."