மெல்லக் கூடாது

"தாத்தா மெல்றாரு! கன்னம் அசையுது!"

மகள் போட்ட கூச்சலில் வீடே அதிர்ந்தது.

போட்டி இதுதான்: ஆளுக்கு ஒரு துண்டு சாக்லேட். மெல்லாமல் நாக்கிலேயே கரைய விட வேண்டும். கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்கு வெற்றி.

அப்பாவால் வாயைத் திறக்கவும் முடியவில்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. கையை மட்டும் ஆட்டி ஆட்டி 'இல்லவே இல்லை' என்று சாதித்தார். உதட்டோரத்தில் பழுப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்தால் அதற்கும் பேத்தி ஏதாவது விதி வைத்திருப்பாளோ என்ற பயம் வேறு!

நான் எப்போதோ அவுட்.

எல்லாம் சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பான கோகோ வெண்ணெயின் புண்ணியம். அது சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் உறையைப் பிரிக்கும்போது கட்டியாக இருப்பது வாய்க்குள் போனதும் இளகிவிடுகிறது.

இதே சாக்லேட்டை வேலைக்கு நடுவே, திரையைப் பார்த்துக்கொண்டே தனியாகத் தின்றிருக்கிறேன். ருசி ஞாபகமே இல்லை.

2014இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரும் அதே நேரத்தில் அதே சாக்லேட்டைச் சுவைத்தால், ஒரு வார்த்தை பேசாவிட்டாலும், அது கூடுதலாகப் பிடித்துப்போகிறதாம். கசப்பான சாக்லேட் என்றால் நேர்மாறு. சேர்ந்து தின்றால் இன்னும் மோசமாகத் தெரியுமாம்.

அப்பாவிடம் சொன்னேன்.

"சரி, அப்போ இனிமே நான் மருந்து குடிக்கும்போது நீ பக்கத்துல வந்து நிக்காதே" என்கிறார்.