அப்கிரேடு முடிந்தது, நெட்வொர்க் கார்டைக் காணோம்

விஎம்களை (ஒரே மெஷினுக்குள் ஓடும் மென்பொருள் கம்ப்யூட்டர்களை) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற சிஸ்டத்தை வீட்டு மெஷினில் அப்கிரேடு செய்து, ரீபூட் கொடுத்துவிட்டு, இன்னொரு லேப்டாப்பில் பிங் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மெஷின் எழுந்து வர வழக்கமாக இரண்டு நிமிஷம் ஆகும். ஐந்து ஆனது, பத்து ஆனது, பதில் இல்லை. அலமாரியின் அடித்தட்டில் மானிட்டர் இல்லாமல் கிடக்கிற மெஷின் அது. ஒரு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய், கேபிள் தேடி, கீபோர்டு தேடி, குனிந்து மாட்டிப் பார்த்தால், லாகின் கேட்டுக்கொண்டு சமர்த்தாக நிற்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் வழக்கமாகக் காட்டும் அந்த வரவேற்பு வரி கூட இருக்கிறது, "இந்த முகவரியில், 8006 போர்ட்டில் என்னைப் பார்க்கலாம்" என்று. பார்க்க முடியவில்லை என்பதுதானே பிரச்சினை.

லாகின் செய்தேன். புது கெர்னல் வந்துவிட்டது, சர்வீஸ் எல்லாம் பச்சை, விஎம்கள் கூட ஒவ்வொன்றாக எழுந்துவிட்டன. வெளியுலகத்தோடு தொடர்பு மட்டும் இல்லை. கார்டுகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நேற்று வரை இஎன்பி3எஸ்0 என்று இருந்த நெட்வொர்க் கார்டு இன்றைக்கு இஎன்பி4எஸ்0 ஆகிவிட்டது. லினக்ஸ் வைக்கிற அந்தப் பெயரில் 3 என்பது கார்டு உட்கார்ந்திருக்கும் பிசிஐ பஸ்ஸின் எண். மெஷினை எப்படியும் நிறுத்தத்தானே போகிறோம் என்று அதே நேரத்தில் காலியாக இருந்த ஸ்லாட்டில் ஒரு என்விஎம்இ டிஸ்க்கையும் செருகியிருந்தேன். புது டிஸ்க் 3 என்ற எண்ணை எடுத்துக்கொண்டது, பழைய கார்டு ஒரு படி தள்ளிப் போய்விட்டது. ஆனால் விஎம்களைக் கார்டோடு இணைக்கும் விஎம்பிஆர்0 பிரிட்ஜின் கான்ஃபிகில் எழுதியிருப்பது பழைய பெயர். ஆக பிரிட்ஜ் இருக்கிறது, ஐபி இருக்கிறது, அதில் கேபிள் மாட்டிய கார்டு இல்லை. ஒரே ஒரு எழுத்தை மாற்றி, நெட்வொர்க்கை ரீலோட் செய்ததும் பிங் வந்துவிட்டது.

திருத்த ஒரு நிமிஷம், கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் பாதி நேரம் புது கெர்னலைத்தான் சந்தேகப்பட்டேன், பழைய கெர்னலில் பூட் செய்துகூடப் பார்த்தேன், அதிலும் வரவில்லை என்றதும் கேபிளை மாற்றினேன், ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தால் எது காரணம் என்று தெரியாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? தெரிந்தேதான் செய்தேன். இதில் இன்னொரு வேடிக்கை, வீட்டு இன்டர்நெட்டுக்கான ரவுட்டரும் டிஎன்எஸ்ஸும் அதே ஹோஸ்டுக்குள்தான், அதாவது விஎம்களைத் தாங்கும் இந்த மெஷினுக்குள்தான், விஎம்களாக ஓடுகின்றன. தேடிப் பார்க்க லேப்டாப்பில் நெட் கிடையாது. மொபைலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அதில் படித்ததை இன்னொரு கையால் டைப் அடித்தேன்.

விர்ச்சுவலைசேஷன் என்றாலே ஹார்டுவேரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். விஎம்முக்குள் இருப்பவருக்கு அது உண்மை. கீழே எந்த மதர்போர்டு இருந்தாலும் அவருக்குத் தெரிவது விர்ச்சுவலாகக் காட்டப்படும் அதே விர்ட்டியோ டிஸ்க், அதே விர்ட்டியோ நெட்வொர்க் கார்டு. அந்தக் கவலை காணாமல் போவதில்லை, எல்லா விஎம்களின் கவலையும் சேர்ந்து ஹோஸ்டின் தலையில் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். இன்ஸ்டால் செய்யும் நாளில் அது அவ்வளவாகத் தெரியாது, ஏதாவது ஒத்துவராவிட்டால் அன்றைக்கே மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் செய்துகொள்ளலாம், உள்ளே இழக்க ஒன்றும் இல்லை. அப்கிரேடு நாளில்தான் தெரியும்.

என்னிடம் இருப்பது மூன்று மெஷின், மூன்றும் மூன்று ஜாதி. பழைய இரண்டு சாக்கெட் ரேக் சர்வர் ஒன்று, ஒரு டவர் டெஸ்க்டாப், கையகல மினி பிசி ஒன்று.

ரேக் சர்வரில் தொல்லை, பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டு கார்டு. டிஸ்க்குகளைத் தானே நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போடுவதாக இருந்தால் டிஸ்க்குகள் நேராகத் தெரிய வேண்டும், ரெய்டு கார்டோ எல்லாவற்றையும் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒற்றை டிஸ்க்காகக் காட்டும். ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ரெய்டு 0 ஆக்கிக் கொடுத்து ஏமாற்றலாம் என்று சிலர் செய்வார்கள், நானும் முதலில் அதைத்தான் செய்தேன், வேண்டாம். டிஸ்க் கெட்டுப்போகும் நாளில் அதன் ஸ்மார்ட் விவரமும் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்வது) சரியாகத் தெரியாது, மாற்றிய டிஸ்க்கை மறுபடி கார்டின் மெனுவுக்குள் போய் அறிமுகப்படுத்த வேண்டும். டிஸ்க்குகளை மறைக்காமல் அப்படியே காட்டும் எச்பிஏ மோடுக்கு மாற்ற முடிகிற கார்டு என்றால் மாற்றிவிடுங்கள், முடியாது என்றால் இசட்எஃப்எஸ்ஸை விட்டுவிட்டு ஹார்டுவேர் ரெய்டின் மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் லினக்ஸ் முறை) போடுங்கள், அதுவும் நல்ல வழிதான். ரெண்டுங்கெட்டானாக வைக்காதீர்கள். மற்றபடி ரேக் சர்வர்தான் மூன்றிலும் நிம்மதி, ரிமோட் கன்சோல் இருப்பதால். டெல் என்றால் ஐடிராக், எச்பி என்றால் ஐஎல்ஓ. நாற்காலியை விட்டு எழாமல் பயாஸ் வரைக்கும் போகலாம், ஐஎஸ்ஓவை அங்கிருந்தே மாட்டலாம். மேலே சொன்ன கதை இந்த மெஷினில் நடந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

டவரில் இன்ஸ்டால் சுலபமாக முடிந்தது, முதல் விஎம்மை ஸ்டார்ட் செய்தால் கேவிஎம் (விஎம்களை ஓட்டும் லினக்ஸ் கெர்னல் வசதி) கிடைக்கவில்லை என்று எரர். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தது, டெஸ்க்டாப் போர்டுகளில் இது சகஜம். இன்டெல்லில் விடி-எக்ஸ் என்று தேடினால் அகப்படும், ஏஎம்டி போர்டுகளில் எஸ்விஎம் மோடு என்ற பெயரில் ஓவர்கிளாக்கிங் மெனுவுக்குள் எங்காவது ஒளிந்திருக்கும். பயாஸ் அப்டேட் செய்தால் இந்த செட்டிங் பழையபடி அணைந்துபோவதும் உண்டு. புது கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷினில் இன்ஸ்டாலரின் திரை கருப்பாகவே நின்றால் பயப்பட வேண்டாம், ப்ராக்ஸ்மாக்ஸ் 8.0 முதல் எழுத்து வடிவ இன்ஸ்டாலர் ஒன்றும் மெனுவிலேயே இருக்கிறது, பெரும்பாலும் அது போதும்.

மினி பிசிதான் சுவாரஸ்யம். நான் முதலில் பழகியது, இதே வேலையைச் செய்யும் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐயில். அதில் ஹார்டுவேர் பட்டியல் கறார், பட்டியலில் இருந்தால் கல் மாதிரி நிற்கும், இல்லையென்றால் நம் பாடு. 2020 ஏப்ரலில் வந்த 7.0, லினக்ஸிலிருந்து எடுத்து ஓட்டிக்கொண்டிருந்த பழைய டிரைவர் முறையை மொத்தமாகக் கழற்றிவிட்டது, அதோடு வெளியாட்கள் செய்து கொடுத்த ரியல்டெக் டிரைவர்களும் போயின. 6.7-இல் ஓடிய வீட்டு மெஷின் 7.0-க்குப் போனால் நெட்வொர்க் கார்டே இல்லாமல் நின்றது இப்படித்தான். பெரிய கோரும் சின்னக் கோரும் கலந்த புது இன்டெல் சிபியுக்களில் இன்னொரு விதம். எல்லா கோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது ஈஎஸ்எக்ஸ்ஐயின் எதிர்பார்ப்பு, இல்லாவிட்டால் எல்லாம் நின்றுபோய் ஊதா நிறத் திரை. பூட் ஆப்ஷன் ஒன்று கொடுத்து அந்தச் சோதனையை அணைக்கலாம், ஆனால் அது பட்டியலுக்கு வெளியே நின்று ஓட்டுகிற வண்டி. என் மினி பிசியில் இந்த ரெண்டும் உண்டு, ரியல்டெக் கார்டும் கலப்புக் கோரும். ஆகவே ப்ராக்ஸ்மாக்ஸ். லைசன்ஸுக்காக மாறியவர்கள் நிறையப் பேர். இலவச ஈஎஸ்எக்ஸ்ஐயை 2024 பிப்ரவரியில் நிறுத்தி, 2025 ஏப்ரலில் 8.0 அப்டேட் 3இ-யோடு மறுபடி கொடுத்தார்கள். நான் மாறியது கார்டுக்காக.

லினக்ஸ் கெர்னல் கண்ட சாமானையும் அரவணைத்துக்கொள்ளும். அதற்கு விலையும் உண்டு, கெர்னல் மாறும்போது அந்த அரவணைப்பின் விதமும் மாறும். 2024-இல் ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2 வந்தபோது கெர்னல் 6.8 ஆனது, அதில் இன்டெல் ஐஓஎம்எம்யூ (கார்டை நேராக விஎம்மிடம் ஒப்படைக்க உதவும் வசதி) தானாகவே ஆன் ஆகியிருக்கும். நல்லதுதான், கார்டை அப்படியே விஎம்முக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேலை மிச்சம். ஆனால் சில பழைய மெஷின்களில் இதனால் பூட்டே நின்றுபோகும். அப்போது பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்து, கெர்னல் வரியில் அதை ஆஃப் என்று எழுதிவிட வேண்டும். பழைய கெர்னல் ஒன்றாவது டிஸ்க்கில் இருக்கட்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான், இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் துடைத்துவிடாதீர்கள்.

சரி, அப்கிரேடு. ப்ராக்ஸ்மாக்ஸின் அடியில் இருப்பது டெபியன். 2023 ஜூனில் வந்த 8-க்கு அடியில் டெபியன் 12, 2025 ஆகஸ்டில் வந்த 9-க்கு அடியில் டெபியன் 13. ஆகவே ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போவது என்றால் ஓடிக்கொண்டிருக்கிற ஹோஸ்டின் அடியில் மொத்த டெபியனையும் மாற்றுவது. 7-இலிருந்து நேராக 9-க்குத் தாவ முடியாது, 8-இல் இறங்கித்தான் ஏற வேண்டும். முதலில் இருக்கிற பதிப்பையே கடைசி வரைக்கும் அப்டேட் செய்துவிட்டு, அவர்களே கொடுக்கிற சரிபார்ப்பு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள், அது மஞ்சளில் சொல்வதையும் படியுங்கள், சிவப்பை மட்டும் பார்த்துவிட்டு மஞ்சளைத் தாண்டிப் போகிறவன்தான் நானும். அப்புறம் ரெப்போவை (அப்டேட் வருகிற இடத்தின் முகவரியை) மாற்றி, அப்கிரேடை டிமக்ஸுக்குள், அதாவது தொடர்பு அறுந்தாலும் வேலை நிற்காத டெர்மினலுக்குள், ஓட்டுங்கள். வெப் பக்கத்துக்குள் இருக்கிற ஷெல்லில் வேண்டவே வேண்டாம், அப்கிரேடு நடுவில் அந்த வெப் சர்வீஸையே ரீஸ்டார்ட் செய்யும், உட்கார்ந்திருக்கிற கிளையையே வெட்டுகிற கதை.

நடுநடுவே நின்று கேள்வி கேட்கும். இந்த ஃபைலை நீ மாற்றியிருக்கிறாய், உன்னுடையதை வைத்துக்கொள்ளட்டுமா, புதியதைப் போடட்டுமா என்று. பத்தாவது நிமிஷத்தில் கை தானாக எதையாவது அழுத்தும். பூட் மெனுவைக் காட்டும் க்ரப்பின் ஃபைலுக்கு வரும்போது மட்டும் நிறுத்தி, வித்தியாசத்தைக் காட்டு என்று கேட்டுப் படியுங்கள். ஐஓஎம்எம்யூவுக்காகவோ வேறு எதற்காகவோ நாம் எழுதி வைத்த வரி அதில்தான் இருக்கிறது, புதியதைப் போடு என்றால் அது போய்விடும், அடுத்த பூட்டில்தான் தெரியும்.

விஎம்முக்கு எந்த சிபியுவாகக் காட்டுவது என்கிற சிபியு வகை விஷயம் தனிப் பதிவுக்கே தேறும். பழைய விஎம்களில் கேவிஎம்64 என்று கிடக்கும், வருடக்கணக்கில் ஓடும், யாரும் தொட மாட்டார்கள். அதற்குள் ரெட்ஹாட் 9 வகையறாவை ஏற்றப் போனால், இந்த சிபியுவில் எக்ஸ்86-64-வி2 (குறைந்தபட்சம் தேவையான சிபியு வசதிகளின் தொகுப்பு) இல்லை என்று லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி கத்திவிட்டு நின்றுவிடும். சிபியு பத்து வருஷப் பழசாக இருந்தாலும் அந்த வசதி அதில் உண்டு, விஎம்முக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். அதற்காக எல்லாவற்றையும் ஹோஸ்ட் (நிஜ சிபியுவை அப்படியே காட்டு) என்று மாற்றுபவர்கள் உண்டு. ஒற்றை மெஷின் என்றால் அதுவே நல்லது. என்னைப் போல மூன்று தலைமுறை சிபியுக்களை ஒரே குழுவாக, கிளஸ்டரில், கட்டிப்போட்டிருப்பவர் செய்தால், ஓடுகிற விஎம்மை மினி பிசியிலிருந்து ரேக் சர்வருக்குத் தள்ளிய அடுத்த நொடியில் அது செத்துக் கிடக்கலாம், தன்னிடம் இருந்த இன்ஸ்ட்ரக்ஷன் திடீரென்று இல்லாமல் போனால் பாவம் அது என்ன செய்யும். இருப்பதில் கிழ சிபியு எதுவோ அதற்குத் தகுந்த வகையை எல்லோருக்கும் வையுங்கள். கிளஸ்டரை அப்கிரேடு செய்யும்போதும் விஎம்மைப் பழைய பதிப்பிலிருந்து புதியதற்குத் தள்ளலாம், திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை.

இசட்எஃப்எஸ் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். அப்கிரேடுக்குப் பிறகு பூலின் (இசட்எஃப்எஸ் சேர்த்துக் கட்டிய டிஸ்க் தொகுப்பின்) நிலையைப் பார்த்தால், புது வசதிகள் இருக்கின்றன, பூலை அப்கிரேடு செய் என்று நல்ல பிள்ளை மாதிரி சொல்லும். பூட் பூலில் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். புது வசதி ஏறிய பூலைப் பழைய கெர்னலோடு வருகிற பழைய இசட்எஃப்எஸ் திறக்காமல் போகலாம், க்ரப் வழியாக நேராக பூட் ஆகிற மெஷினில் க்ரப்பே திணறும். அந்த அறிவிப்பு அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும், கடிக்காது.

மினி பிசியும் டவரும் 9-க்குப் போய்விட்டன. இந்தத் தடவை மூன்றிலும் கார்டின் பெயரை, கார்டுக்கே உரிய மேக் முகவரியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன், 9-இல் அதற்கென்றே ஒரு டூல் வந்திருக்கிறது, 8-இல் கையால் ஒரு லிங்க் ஃபைல் எழுதினால் போதும். நெட்வொர்க் கான்ஃபிகின் நகல் ஒன்றும், விஎம்களின் கான்ஃபிக் நகலும் ஹோஸ்டுக்கு வெளியே இருக்கின்றன. அலமாரிக்கு ஒரு மானிட்டர் கேபிளும் நிரந்தரமாகத் தொங்குகிறது.

ரேக் சர்வர் இன்னும் 8-இல் இருக்கிறது, அதற்கான சப்போர்ட் 2026 ஆகஸ்ட் வரைதான். வருகிற சனிக்கிழமை அதன் முறை. அதற்காக வாங்கிய நான்கு டிஸ்க்குகள் மேஜை மேல் உறை பிரிக்காமல் இருக்கின்றன, அவை அடுத்த சனிக்கிழமைதான் உள்ளே போகும்.