கிண்ணத்தின் வேர்

மார்ச் 4
பழைய அலுமினிய பிஸ்டன்களை உருக்கி, எங்கள் நீர்ச்சக்கரத்துக்கான முதல் கிண்ணத்தை வார்த்துவிட்டோம். பளபளவென்று வந்திருக்கிறது. ஆனால் பார்வைக்கு நன்றாக இருந்தால் போதாது. 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர், நாசிலை (குழாயின் குறுகிய முனையை) விட்டு நொடிக்கு 34 மீட்டர் வேகத்தில் பாயும். எங்களுடையது பெல்டன் சக்கரம்: விளிம்பில் வரிசையாக இருக்கும் கிண்ணங்களில் அந்தத் தண்ணீர் மோதி, நிமிடத்துக்கு 1000 தடவை சுற்றும். சுற்றுக்கு ஓர் அடி என்றால் ஒவ்வொரு கிண்ணமும் ஒரே நாளில் 14 லட்சம் அடி வாங்கும். ஓராண்டில் 50 கோடிக்கு மேல். இதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

மார்ச் 7
இழுவிசைச் சோதனை. தனியாக வார்த்த கம்பிகள் நன்றாகத் தாங்கின. ராத்திரிதான் உறைத்தது: கம்பி மெல்லியது, சீக்கிரம் இறுகிவிடும். கிண்ணத்தைச் சக்கரத்தோடு சேர்க்கும் வேர்ப்பகுதி தடிமனானது, கடைசியில்தான் இறுகும். விரிசல் தொடங்குவதும் அங்கேதான்.

மார்ச் 8
மனசில்லாமல் கிண்ணத்தை அறுத்தோம். வேர்த்துண்டு காற்றில் 540 கிராம், தண்ணீரில் தொங்கவிட்டால் 332. அப்படியானால் அடர்த்தி தண்ணீரைப்போல 2.6 மடங்கு. துளையில்லாத உலோகம் 2.7 அளவில் இருக்கும். நூற்றுக்கு நாலு பங்கு வெறும் ஓட்டை! அறுத்த முகத்தைத் தேய்த்தால் கண்ணுக்கே தெரிகிறது. உருண்டையான ஊசித்துளைகள் ஈரத்திலிருந்து வந்த ஹைட்ரஜனால்; கிழிந்தாற்போன்ற பொந்துகள் இறுகும்போது சுருங்கியதால்.

மார்ச் 12
அலுமினியத்துக்குப் பதிலாகப் பித்தளை வார்த்துப் பார்த்தோம். வெள்ளைப் புகை பட்டறையை மூடிவிட்டது. பித்தளையில் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். வார்க்கும் சூடோ அதற்கு மேல். முகமூடி இல்லாமல் யாரும் இதைத் தொடவே கூடாது. எடையும் அலுமினியத்தைவிட மூன்று மடங்கு, சுழலும்போது போல்ட்டை இழுக்கும் விசையும் அதே அளவு கூடும். மணல் கலந்த ஓடையாக இருந்தால் வெண்கலம் பற்றி யோசிக்கலாம். இங்கே வேண்டாம்.

மார்ச் 15
மறுபடியும் அலுமினியம்தான். வார்ப்பு அண்ணன் அச்சையே தலைகீழாக்கிவிட்டார். வேர் மேலே, அதன் தலையில் பெரிய ரைசர், அதாவது வேர் இறுகும்போது உருகிய உலோகத்தை ஊட்டும் கூடுதல் தேக்கம். “சுருங்கினா அதுல சுருங்கட்டும்” என்றார். பிஸ்டன்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கினோம். கரண்டி முதல் கிளறும் கம்பி வரை எல்லாவற்றையும் சுட வைத்து உலர்த்திய பிறகே உலோகத்தில் விட்டோம். அறுத்துப் பார்த்த வேரின் அடர்த்தி 2.67!

மார்ச் 16
சரி, இனி ஒவ்வொரு உருக்கலிலும் ஒரு கிண்ணத்தை அறுத்துப் பார்ப்பது, மற்றவற்றின் வேரில் சிவப்புச் சாயம் ஊறவிட்டு விரிசல் தேடுவது என்று முடிவு. சக்கரத்துக்கு 18 வேண்டும். நாளை 20 வார்க்கிறோம்.